பழைய பிக்கப்பில் சென்சார் கோளாறு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

காசிமேட்டு மீன், கொருக்குப்பேட்டை கிடங்குச் சரக்கு, மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைச் சாமான் என்று வட சென்னையில் ஓடும் பழைய பிக்கப் வண்டிகள் "சென்சார் போய்விட்டது" என்ற தீர்ப்போடுதான் என்னிடம் வருகின்றன. பெரும்பாலானவற்றில் சென்சார் நன்றாகவே இருக்கும். அதற்குப் போகும் கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் சொருகி) பச்சை பூத்திருக்கும், எர்த் பட்டை (பேட்டரி மைனஸை என்ஜினோடு இணைக்கும் பின்னல்) இற்றிருக்கும், பேட்டரி தளர்ந்திருக்கும், இல்லையென்றால் எலி கடித்திருக்கும். ஸ்கேனர் காட்டும் கோளாறு எண் ஒரு சர்க்யூட்டைக் குறிக்கிறது. அந்தச் சர்க்யூட்டில் சென்சார், இரண்டு மூன்று வயர், கப்ளர், எர்த், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான ஈசிஎம் எல்லாம் அடக்கம். எண்ணைப் பார்த்ததும் கடைக்குப் போய்ச் சென்சார் வாங்குகிறவர்கள் பாதி நேரம் பணத்தைக் கடலில் போடுகிறார்கள்.

கீழே சொல்வதெல்லாம் காமன் ரெயில் டீசல் என்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ரெயில் என்ற குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் வைத்திருக்கும் வகை) உள்ள, பிஎஸ்3, பிஎஸ்4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் காலத்துப் பிக்கப்களுக்கு. அதாவது 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வருவதற்கு முந்தையவற்றுக்கு. அதற்கும் பழைய, மெக்கானிக்கல் பம்ப் வைத்த வண்டியில் இந்தச் சென்சார்கள் பெரும்பாலும் கிடையாது. அதில் என்ஜின் அணைந்தால் டீசல், காற்று, சாலனாய்டு (டீசலை அடைத்துத் திறக்கும் மின் வால்வு) மூன்றைத்தான் பார்க்க வேண்டும்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. சில நூறு ரூபாய் மல்டிமீட்டர், கான்டாக்ட் கிளீனர், மெல்லிய உப்புத்தாள், கைபேசியோடு சேரும் சிறிய ஸ்கேனர். ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும். பிஎஸ்3 வண்டிகள் சிலவற்றோடு பொது ஸ்கேனர் பேசாது. அப்போது மல்டிமீட்டரும் கண்ணும்தான் துணை. பல்பு வைத்த டெஸ்ட் லேம்பைச் சென்சார் வயரில் வைக்காதீர்கள். அது இழுக்கும் கரண்டை ஈசிஎம் தாங்காது. வயரின் மேலுறையை ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். கடல் காற்று அந்தத் துளை வழியாக நுழைந்து சில மாதங்களில் உள்ளே தாமிரத்தைத் தின்றுவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய மெக்கானிக்குகள் என்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்ப்பார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. ரெயிலில் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். கசியும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் பட்டுவிட்டால் காயம் எறும்புக்கடி போலத் தெரிந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## எதையும் கழற்றுவதற்கு முன்

அறிகுறி எதுவானாலும் இந்த நான்கையும் முதலில் முடித்துவிடுங்கள்.

பேட்டரி. இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.4 முதல் 12.7 வோல்ட் இருக்க வேண்டும். செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. செல்ஃப் சுற்றும் அளவுக்குத் தெம்பு இருந்தும் ஈசிஎம்முக்கு வேண்டிய வோல்ட் இல்லாமல் போவதுண்டு. அந்த நிலையில் சம்பந்தமே இல்லாத எண்கள் வரிசையாக வந்து நிற்கும்.

எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து, உதவியாளரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை நல்லது. 0.5ஐத் தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்கி, மேலே வேஸலின் பூசுங்கள். பட்டை பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அளந்தே ஆக வேண்டும். பின்னலின் உட்புறம் பொடியாகிப் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஃப்யூஸும் ரிலேயும். சாவியைப் போட்டதும் டாஷ்போர்டு மீட்டரில் என்ஜின் செக் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால், பல்பு நன்றாக இருக்கும் பட்சத்தில், ஈசிஎம்முக்குக் கரண்டே வரவில்லை. அந்த நிலையில் எந்தச் சென்சாரையும் தொட வேண்டாம். மெயின் ரிலேயை அதே வகை ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கப்ளர். இதில்தான் நம் பகுதிக்கே உரிய சங்கதி இருக்கிறது. மீன் ஏற்றும் வண்டியில் ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் தளத்து இடுக்கு வழியாகச் சேஸிஸ் மேல் இறங்கும். அங்கே வயர் கட்டுக்குச் சுற்றிய நெளிகுழாயின் தாழ்ந்த இடத்தில் தேங்கி, வயர் வழியே ஊர்ந்து கப்ளருக்குள் போகும். கப்ளரைப் பிரித்தால் வயரைச் சுற்றியிருக்க வேண்டிய சிறு ரப்பர் சீல் ஒன்று காணாமல் போயிருக்கும். பித்தளைப் பின்னின் அடியில் பாசி போலப் பச்சைப் பொடி. வயரை மெல்ல இழுத்தால் மேலுறை மட்டும் நீண்டு கொடுக்கும், உள்ளே தாமிரம் எப்போதோ அறுந்திருக்கும். இப்படிப்பட்ட பின்னில் கான்டாக்ட் கிளீனர் அடிப்பது இரண்டு நாள் வைத்தியம். பின்னை வெட்டியெடுத்து, நல்ல தாமிரம் தெரியும் இடம் வரை பின்னால் போய், புதுப் பின் அழுத்தி, புது சீல் போட வேண்டும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்குத் திரும்பவும் வருவீர்கள்.

சமீபத்தில் வெல்டிங் வேலை நடந்ததா என்றும் ஓட்டுநரைக் கேளுங்கள். துருப்பிடித்த தளத்துக்குத் தகடு வைக்கும்போது பேட்டரி கேபிளைக் கழற்றாமல் வெல்டிங் போட்டால் ஈசிஎம்மோ சென்சார்களோ அடிபடலாம். வேலை முடிந்த நாளிலிருந்தே தொல்லை தொடங்கியிருந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

## அறிகுறி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

முதலில் டாங்கில் டீசல் இருக்கிறதா என்று பாருங்கள். முள்ளை நம்பாதீர்கள், பழைய வண்டிகளில் மிதவை மாட்டிக்கொண்டு கால் டாங்க் காட்டிக்கொண்டே காலியாகியிருக்கும். அடுத்து டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். திருட்டுத் தடுப்பு விளக்கு வேகமாக மின்னினால் ஈசிஎம் சாவியை அடையாளம் காணவில்லை. மற்றொரு சாவியால் முயலுங்கள்.

இவை சரியென்றால், செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் என்ஜின் சுற்று வேகத்தைப் பாருங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். நல்ல பேட்டரியில் இருநூறை ஒட்டிக் காட்ட வேண்டும்.

சுற்று வேகம் பூஜ்யமாகவே நின்றால் கிராங்க் சென்சார் (கிராங்க் தண்டின் சுற்றை ஈசிஎம்முக்குச் சொல்வது) சர்க்யூட். எண் பெரும்பாலும் பி 0335. சென்சார் கிளட்ச் ஹவுசிங்கின் மேலோ முன்புறம் கிராங்க் புல்லியின் அருகிலோ இருக்கும். அண்மையில் கிளட்ச் வேலை செய்திருந்தால் கப்ளர் பாதி மாட்டியபடி தொங்குகிறதா, வயர் சைலன்சர் குழாயில் படுகிறதா என்று பாருங்கள். கியர் பெட்டியை இறக்கி ஏற்றும் அவசரத்தில் இது அடிக்கடி நடக்கிறது.

பிறகு சென்சாரைக் கழற்றி முனையைத் துடையுங்கள். காந்தம் உள்ள வகையில் இரும்புத் தூள் மீசை போல ஒட்டியிருக்கும். இரண்டு பின் உள்ள வகை என்றால் கப்ளரைக் கழற்றிச் சென்சார் பக்கம் ஓம் அளவு பாருங்கள்; ஏறத்தாழ 500 முதல் 1,500 ஓமுக்குள் இருக்கும். அளவு வரவே இல்லை, அல்லது பின்னுக்கும் சென்சாரின் உடம்புக்கும் இடையே தொடர்பு காட்டுகிறது என்றால் சென்சார் போய்விட்டது, மாற்றுங்கள். மூன்று பின் வகையில் பெரும்பாலும் ஓம் அளவுக்குப் பொருளில்லை. சாவி போட்டு, வயர் பக்கத்தில் சப்ளை வோல்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சப்ளை 5 வோல்ட். சில வண்டிகளில் 12. இரண்டும் வந்தும் சுற்று வேகம் வரவில்லை என்றால் சந்தேகம் சென்சார் மேல்.

சுற்று வேகம் வருகிறது, ஆனால் வெகுநேரம் அடித்தபின்தான் பிடிக்கிறது என்றால் கேம் சென்சாரை (வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் நிலையைச் சொல்வது) பாருங்கள். எண் பி 0340. சோதனை முறை மேலே சொன்னதுதான். டைமிங் பெல்ட்டோ செயினோ மாற்றிய பிறகு இது வந்திருந்தால் சென்சாரை விட்டுவிட்டு டைமிங் குறியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சுற்று வேகம் வருகிறது, ஆனால் பிடிக்கவே இல்லை என்றால் ரெயில் அழுத்தத்தைப் பாருங்கள். என்ஜின் அணைந்து சற்று நேரம் ஆன நிலையில், சாவி மட்டும் போட்டுப் பார்த்தால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். சென்சாரின் சிக்னல் வயரில் சுமார் 0.5 வோல்ட். நின்றுகொண்டிருக்கும் என்ஜினில் ஸ்கேனர் நூற்றுக்கணக்கான பார் காட்டினால் சென்சாரோ அதன் எர்த்தோ பொய் சொல்கிறது. பூஜ்யம் சரியாக இருந்து, செல்ஃப் அடிக்கும்போது 150, 200 பாரைக்கூட எட்டவில்லை என்றால் சென்சாரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஃபில்டர் அடைப்பு, டீசல் வரும் ஹோஸில் காற்று, பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு, இன்ஜெக்டர் ரிட்டர்ன் கசிவு, கடைசியாகப் பம்ப் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். ஃபில்டரும் ஹோஸும் உங்கள் வேலை. அதற்கு மேல் டீசல் பம்ப் கடைக்காரர் வேலை.

## அறிகுறி: ஓடும்போது அணைகிறது, ஆறியதும் கிளம்புகிறது

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு முன்னேறும் வண்டிகளுக்கு வருகிற வியாதி இது. என்ஜின் நன்றாகச் சூடேறும், திடீரென்று அணையும். அரை மணி நேரம் நின்றால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் அங்கே அணையாது.

அணையும் தருணத்தில் வண்டி கியரில் உருண்டுகொண்டிருந்தால் ஆர்பிஎம் முள்ளைக் கவனிக்கச் சொல்லுங்கள். இதற்கு இணையான சோதனை வேறில்லை, செலவும் இல்லை.

முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால்: சக்கரம் என்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே ஈசிஎம் சுற்றைக் காணவில்லை என்று பொருள். ஒன்று கிராங்க் சென்சார், மற்றொன்று ஈசிஎம்மின் கரண்ட். மீட்டரின் மற்ற விளக்குகளும் அதே நொடியில் அணைந்து எரிந்தால் கரண்ட் பக்கம் போங்கள்: மெயின் ரிலே, சாவி சுவிட்ச், பேட்டரி முனை. முள் மட்டும் விழுந்தால் கிராங்க் சென்சார். அதன் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து இணைப்பு விட்டுப்போகும், ஆறினால் மீண்டும் சேரும். அணைந்த உடனே, சூடு தணியும் முன், ஈரத்துணியைச் சென்சார் மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். அதன்பிறகு உடனே பிடித்துக்கொண்டால் ஆள் அகப்பட்டான். இரண்டு பின் வகையில் சூட்டிலும் குளிர்ச்சியிலும் ஓம் அளந்து ஒப்பிட்டால் இன்னும் உறுதி. கையைச் சைலன்சர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

முள் என்ஜினோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால்: டீசல் வரவில்லை. ஃபில்டர், டாங்க் மூடியின் காற்றுத்துளை, டாங்குக்குள் இருக்கும் வடிகட்டி. சென்சார்களை நிம்மதியாக விடுங்கள்.

பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அணைந்தால்: வயர். என்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, வயர் கட்டைச் சாண் சாணாக அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் என்ஜின் தடுமாறுகிறதோ அந்த இடத்தைப் பிரியுங்கள். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகில் விரலை விட வேண்டாம்.

மீன் வண்டி ஓட்டும் தம்பி ஒருவர், "அண்ணே, புதுக் கிராங்க் சென்சார் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, ராயபுரம் பாலத்தில் ஏறும்போது மறுபடியும் அணைகிறது" என்று வந்தார். சென்சார் ஒரிஜினல்தான், பெட்டியையும் பத்திரமாக வைத்திருந்தார். பாலத்தில் ஏறும்போது என்ஜின் தன் ரப்பர் தாங்கியில் சற்றே பின்னால் சாயும். அப்போது கட்டையாகப் போயிருந்த வயர் இழுபட்டுக் கப்ளரின் ஒரு பின் விலகியது. வயரை ஒரு விரற்கடை நீட்டி, கிளிப் போட்டுக் கொடுத்ததோடு தொல்லை போனது.

## அறிகுறி: இழுவை இல்லை

லோடு ஏற்றினால் மூன்றாம் கியருக்கு மேல் போகவில்லை, ஆக்சிலேட்டரை அழுத்தினாலும் ஒரு வேகத்துக்கு மேல் என்ஜின் ஏறவில்லை. இது பெரும்பாலும் ஈசிஎம் தற்காப்புக்காக என்ஜினைக் கட்டிப்போட்ட நிலை. வண்டியை ஓரங்கட்டி, சாவியை அணைத்து, மீண்டும் போட்டுக் கிளப்புங்கள். இழுவை திரும்பி வந்து சற்று நேரத்தில் மீண்டும் போனால் ஈசிஎம் எதையோ கண்டு பயப்படுகிறது. சாவியைப் போட்டெடுத்தும் மாற்றமே இல்லையென்றால் அடைப்பு அல்லது கசிவாக இருக்கலாம்.

கரும்புகையோடு என்றால் காற்றுப் பக்கம் போங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் சாம்பல் லோடு ஓடும் வண்டிகளுக்குக் கம்பெனி சொன்ன கிலோமீட்டர் கணக்கு உதவாது. அதில் பாதியிலேயே ஃபில்டர் சிமென்ட் பூசியது போல ஆகிவிடும். அடுத்து டர்போவிலிருந்து (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுவது) இன்டர்கூலருக்கும் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் தடித்த ரப்பர் ஹோஸ்கள். கிளாம்பின் அடியில் கீறல் இருக்கும், எண்ணெய் வேர்த்திருக்கும். ஆக்சிலேட்டரைக் கொடுக்கும்போது சீழ்க்கை போல ஒலி கேட்டால் அதுதான் இடம். ஹோஸ் மாற்றும் செலவில் முடிய வேண்டியதை டர்போ மாற்றும் அளவுக்கு இழுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆகையால் ஹோஸை நீங்களே தடவிப் பார்த்துவிட்டுப் பிறகு பேச்சுக்கு உட்காருங்கள்.

ஹோஸ் சரியென்றால், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சார். இதைச் சோதிக்க நம் ஊர் வசதியானது. சாவி போட்டு, என்ஜினைக் கிளப்பாமல், ஸ்கேனரில் உள்நுழை காற்றழுத்தத்தைப் பாருங்கள். சென்னை கடல்மட்டத்தில் இருப்பதால் 100 கிலோபாஸ்கலை ஒட்டியே வர வேண்டும். 99 முதல் 102 வரை சரி. அதிலிருந்து வெகுதூரம் விலகினால் சென்சார் அல்லது அதன் வயர். அளவு சரியாக இருந்து, ஓட்டும்போது மட்டும் ஏற மறுத்தால் சென்சாரைக் கழற்றி முனையைப் பாருங்கள். ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் விடும் அமைப்பு) உள்ள வண்டிகளில் கரியும் எண்ணெயும் கலந்து தார் போல அடைத்திருக்கும். கிளீனரை அடித்து ஊறவிட்டு வடியவிடுங்கள். கம்பி விட்டுக் குடையாதீர்கள்.

ஏர் ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றின் அளவைச் சொல்வது) உள்ள வண்டி என்றால் அதற்கென்றே விற்கும் கிளீனரை மட்டும் தூரத்திலிருந்து அடியுங்கள். துணியால் துடைப்பது, கம்ப்ரசர் காற்றடிப்பது, பெட்ரோல் ஊற்றுவது மூன்றும் அதைக் கொன்றுவிடும். அதன் கப்ளரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் இழுவை முன்பைவிடத் தேறுகிறதா என்று பார்ப்பது பழைய தந்திரம். தேறினால் சென்சார் தவறான அளவு கொடுத்துக்கொண்டிருந்தது என்று கொள்ளலாம். கழற்றியதற்கான எண் ஒன்று பதிவாகும், பிறகு அழித்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் கடந்தும் கரும்புகை நிற்கவில்லை என்றால் ஈஜிஆர் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கலாம். கழற்றிக் கரியைச் சுரண்டி மாட்டுவது பொறுமை உள்ளவருக்கு அரை நாள் வேலை. டர்போவின் இறக்கை ஆடுகிறது, எண்ணெய் கக்குகிறது என்றால் நிறுத்திக்கொண்டு டர்போ வேலை தெரிந்தவரிடம் போங்கள்.

புகை இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் பக்கம். ஃபில்டரை மாற்றுங்கள். ஐட்லிங்கில் ரெயில் அழுத்தம் பொதுவாக 250 முதல் 350 பார் வரை இருக்கும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் உடனே ஏற வேண்டும். ஈசிஎம் கேட்கும் அழுத்தமும் கிடைக்கும் அழுத்தமும் ஸ்கேனரில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். கிடைப்பது பின்தங்கினால் பி 0087 வரும். அந்த எண்ணுக்குச் சென்சார் மாற்றுவது வீண் செலவு. குறைவு நிஜமாகவே குறைவுதான். பி 0190 முதல் 0193 வரை வந்தால்தான் ரெயில் சென்சாரின் வயரையும் கப்ளரையும் பார்க்க வேண்டும். ரெயிலிலிருந்து அந்தச் சென்சாரைக் கழற்றுவதை மட்டும் பம்ப் கடையில் விடுங்கள்.

## அறிகுறி: ஆக்சிலேட்டர் செத்துவிட்டது

மிதித்தாலும் அசைவில்லை, ஐட்லிங் மட்டும் வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்கிறது. எல்லோரும் பெடல் சென்சார் என்பார்கள். பெடலைத் தொடும் முன் பின்னால் போய் பிரேக் விளக்கைப் பாருங்கள். கால் வைக்காமலே எரிந்துகொண்டிருக்கிறதா? பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒரே நேரத்தில் மிதிபடுவதாக ஈசிஎம் நினைத்தால் பல வண்டிகளில் ஆக்சிலேட்டரைப் புறக்கணித்துவிடும். பிரேக் பெடலின் சுவிட்ச் மிகவும் விலை குறைந்த உறுப்பு. கிளட்ச் சுவிட்சையும் அப்படியே பாருங்கள்.

பிரேக் விளக்கு சரியென்றால் பெடல் சென்சாரின் கப்ளர். மழையில் நனைந்த செருப்பும் கால்மிதியின் ஈரமும் அதற்கு அருகிலேயே இருக்கின்றன. உள்ளே இரண்டு தனித்தனி அளவிகள் உண்டு. சாவி போட்டுப் பெடலை மெதுவாக, மிக மெதுவாக, அடிவரை மிதித்துக்கொண்டே இரண்டு சிக்னலையும் பாருங்கள். பல வண்டிகளில் ஒன்று மற்றொன்றைப் போல இரு மடங்காக இருக்கும். ஏறும்போது இரண்டும் சேர்ந்தே ஏற வேண்டும். நடுவே ஓரிடத்தில் ஒன்று மட்டும் குதித்தாலோ விழுந்தாலோ பெடல் தேய்ந்துவிட்டது. இதைத் திறந்து பழுது பார்க்க முயல வேண்டாம். ஆக்சிலேட்டர் தொடர்பான உறுப்பு, முழுதாக மாற்றுவதே பாதுகாப்பு.

## அறிகுறி: டெம்பரேச்சர் முள் தாறுமாறாக ஆடுகிறது

முள் மேலே போனால் முதலில் அதை நம்புங்கள். ஓரங்கட்டி அணைத்து, ஆறிய பிறகு மூடியைத் திறந்து கூலன்ட் அளவைப் பாருங்கள். சூட்டில் திறந்து முகத்தை வேகவைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

கூலன்ட் சரியாக இருந்து முள் மட்டும் ஆடினால், இரவு முழுதும் நின்ற வண்டியில் விடியற்காலை ஸ்கேனரை மாட்டி என்ஜின் சூட்டையும் உள்நுழை காற்றின் சூட்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக, 25, 30 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். ‘மைனஸ் 40’ என்று காட்டினால் வயர் அறுந்திருக்கிறது. சென்னையில் பனி பெய்யவில்லை. 130, 140 என்று நின்றால் வயர் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. சென்சாரைத் தனியே அளந்தால் 30 டிகிரியில் பெரும்பாலும் 2,000 ஓமை ஒட்டியும், 80 டிகிரியில் 300ஐ ஒட்டியும் இருக்கும். சில வண்டிகளில் மீட்டருக்கு ஒரு சென்சார், ஈசிஎம்முக்கு வேறொன்று என்பதை மறக்காதீர்கள். விலையும் குறைவு, வேலையும் எளிது.

## அறிகுறி: ஒரே நேரத்தில் ஐந்தாறு எண்கள்

பூஸ்ட், ரெயில், பெடல் என்று எல்லாம் ஒன்றாகப் போய்விட்டதாக ஸ்கேனர் சொன்னால் மகிழ்ச்சி அடையுங்கள், கோளாறு பெரும்பாலும் ஒன்றுதான். எர்த்தை மறுபடியும் அளந்துவிட்டு, சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் சப்ளையைப் பாருங்கள். அது 5க்குப் பதில் ஒன்றோ இரண்டோ காட்டினால், அந்த வரிசையில் உள்ள ஏதோ ஒரு சென்சாரோ உரசிய வயரோ சப்ளையை எர்த்துக்கு இழுக்கிறது. சாவியை அணைத்து ஒரு கப்ளரைக் கழற்றுங்கள், சாவியைப் போட்டு அளந்து பாருங்கள். வராவிட்டால் அடுத்தது. எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லை என்றால் வயர் கட்டு, இல்லையேல் ஈசிஎம். இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.

கிடங்குப் பகுதிகளில் இரவு நிறுத்தும் வண்டிகளில் இது எலியின் கைவரிசையாக இருக்கும். பேட்டரித் தட்டின் அடியிலும் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பாருங்கள். அரிசி உமியோ சாக்கு நாரோ கிடந்தால் வயரை மேற்கொண்டு தேட வேண்டியதில்லை, அங்கேயே பிரியுங்கள்.

## அறிகுறி: தேங்கிய நீரில் போன பிறகு தொல்லை

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடத்தில் தண்ணீருக்குள் என்ஜின் அணைந்திருந்தால் செல்ஃபை அடிக்காதீர்கள். காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி வெளியே கொண்டுவந்து ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் உங்கள் வேலை அத்தோடு முடிந்தது. மெக்கானிக் வந்து இன்ஜெக்டரையோ ஹீட்டர் பிளக்கையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றட்டும்.

ஃபில்டர் உலர்ந்திருந்து, வண்டியும் ஓடி, மறுநாள் மிஸ்ஸிங் வந்தால் தாழ்வாக உள்ள கப்ளர்கள் எல்லாவற்றையும் பிரித்து உலர்த்துங்கள். ஈசிஎம் பெட்டி நனைந்திருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் திறக்காமல் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொண்டுபோங்கள்.

## விளக்கு மட்டும் எரிகிறது, வண்டி நன்றாக ஓடுகிறது

எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன்பிறகு ஸ்கேனரில் அழித்துவிடுங்கள். குறிக்காமல் அழிப்பவர்களுக்கு நான் வைத்தியம் பார்ப்பதில்லை. திரும்ப வந்தால் மேலே உரிய தலைப்புக்குப் போங்கள். டீசலில் தண்ணீர் இருப்பதற்கான விளக்கும் எண்ணெய் அழுத்த விளக்கும் வேறு. முன்னதற்கு ஃபில்டரை வடிக்க வேண்டும், பின்னது ஓடும்போது எரிந்தால் அந்த நொடியே என்ஜினை அணைக்க வேண்டும்.

## உறுப்பு வாங்கும்போது

பழைய சென்சாரின் மேல் பொறித்த எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் வண்டிப் பெயரை மட்டும் சொன்னால் ஒரே உருவத்தில் மூன்று வகை எடுத்து வைப்பார்கள். கிராங்க் சென்சாரிலும் பெடலிலும் டூப்ளிகேட் வேண்டாம். டெம்பரேச்சர் சென்சாரில் சமாளிக்கலாம். புதுப்பேட்டையில் பழைய ஈசிஎம் மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் பொறுங்கள்: சாவியின் அடையாளமும் இன்ஜெக்டர்களின் எண்களும் அதற்குள் எழுதப்பட்டிருக்கும். எழுதிக் கொடுக்க ஆள் இல்லாமல் வாங்கினால் அது வெறும் அலுமினியப் பெட்டி. கப்ளரும் பின்னும் வயரோடு சேர்ந்த துண்டாகப் பழைய வண்டியிலிருந்து கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள்.

தொழில்முறை ஆளிடம் வண்டியை விடும்போது எண்கள், எப்போது வருகிறது, சூட்டிலா குளிரிலா, லோடிலா காலியிலா, கடைசியாக யார் எதைக் கழற்றினார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மாற்றிய சென்சாரைத் திரும்பக் கேட்டு வாங்கி டூல் பெட்டியில் போடுங்கள். புதியதைப் போட்டும் கோளாறு தொடர்ந்தால் பழையதை மாட்டிப் பார்த்து ஒப்பிட அது வேண்டியிருக்கும்.